குணா குகையும் கையில் இருக்கும் போனும்: கொடைக்கானலுக்கு ஒரு சினிமா வரைபடம் போடலாமா?

மலைச்சாரல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானலில் வீட்டோடு தங்கும் அறைகள் வைத்திருப்பவர்கள், டாக்ஸி ஓட்டுகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் சிலர் என்று ஒரு சிறு குழுவாகச் சேர்ந்திருக்கிறோம். போனிலேயே பார்க்கிற மாதிரி ஒரு சினிமா வரைபடம் செய்ய ஆசை. எந்தக் காட்சி எங்கே எடுத்தது, அங்கே எப்படிப் போவது, அங்கே போய் உண்மையில் என்ன பார்க்க முடியும், எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். தனி ஆப் வேண்டாம். தங்கும் இடங்களிலும் டாக்ஸியிலும் க்யூஆர் கோடு ஒட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம்.

இதை இப்போது கேட்கக் காரணம் இருக்கிறது. டெவில்ஸ் கிச்சன் என்று இருந்த இடம் 1991ல் 'குணா' வந்ததும் குணா குகை ஆகிவிட்டது. அதன் பிறகு அங்கே விழுந்து பலர் இறந்து, உள்ளே போகும் வழியை அடைத்தார்கள். 2024 பிப்ரவரியில், அந்தக் குகைக் குழியில் விழுந்த நண்பனை மீட்கிற கதையான 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்ததும் மறுபடியும் கூட்டம். இந்த முறை கூட்டத்தைக் கொண்டுவந்தது போன்தான். 'குணா' படத்துப் பழைய பாட்டைப் பின்னணியில் போட்டு, மரவேர்களுக்கு நடுவே நின்று ஒரு ரீல்ஸ். பார்த்தவர்கள் அதே வேரைத் தேடி வந்து அதே மாதிரி இன்னொன்று எடுக்கிறார்கள். யாரும் விளம்பரத்துக்குக் காசு செலவழிக்கவில்லை.

இந்தக் கூட்டத்தால் எங்கள் ஊருக்கு வருமானம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் எல்லா இடத்துக்கும் வரைபடத்தில் 'பின்' (இடக்குறி) போட்டுக் கொடுப்பது சரியா என்பதில் எங்கள் குழுவுக்குள்ளேயே சண்டை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

கேமராக்கண்

தாராளமாகப் போடுங்கள் அண்ணா. நீங்கள் போடாவிட்டாலும் கூகுள் மேப்பில் யாராவது போட்டுவிடுவார்கள். அதில் தப்பான வழி, தப்பான பெயர் எல்லாம் இருக்கும். உள்ளூர்க்காரர்கள் போட்டால் விவரமாவது சரியாக இருக்கும்.

---

காட்டுப்பாதை

எனக்கு உடன்பாடு இல்லை. அந்த மரவேர்களை இப்போது போய்ப் பாருங்கள். ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து மண் இறுகி, வேர்களின் மேல்தோல் தேய்ந்து வழுவழுவென்று கிடக்கிறது. சோலைக்காட்டு மரம் மெதுவாக வளர்கிற ஜாதி. ஒரு முறை போனால் நம் ஆயுளில் திரும்ப வராது. படம் வந்த சில வாரங்களில் வேலியைத் தாண்டி உள்ளே போன இளைஞர்களை வனத்துறை கைது செய்தது, செய்தியில் வந்ததே. படத்தில் பார்த்ததை நேரில் செய்து பார்க்கிற ஆசையைத் தூண்டிவிட்டு, அதற்கு வழியும் காட்டுவதா?

---

கொச்சிக்காற்று

கொச்சியில் வேலை பார்க்கும் தமிழன் நான். காட்டுப்பாதை சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தில் குழிக்குள் நடக்கும் காட்சிகளைக் கொடைக்கானலில் எடுக்கவில்லை. கொச்சி பக்கத்தில் பெரும்பாவூரில் பெரிய செட் போட்டு எடுத்தார்கள். அந்தப் பாறை, ஈரம், இருட்டு, உள்ளே விழும் மழைத் தண்ணீர், எல்லாம் கலை இயக்குநரின் கைவேலை.

வேலியைத் தாண்டிக் குதிக்கிற பையனுக்கு இது தெரியாது. படத்தில் பார்த்தது கீழே இருக்கிறது என்று நம்பித்தான் குதிக்கிறான். அவன் தேடுகிற காட்சி அங்கே இல்லவே இல்லை என்று வரைபடத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். 'ஆபத்து, தாண்டாதே' என்று நூறு பலகை வைத்தாலும் செய்யாததை இந்த ஒரு தகவல் செய்யும்.

2006ல் உண்மையாக விழுந்தவரையும் உள்ளே இறங்கி அவரைத் தூக்கி வந்த நண்பரையும் இங்கே எல்லோருக்கும் தெரியும். இறங்கியவருக்குப் பின்னாளில் மத்திய அரசின் ஜீவன் ரக்ஷா பதக்கம் கிடைத்தது. அந்தக் கதையையும் நாலு வரி போடுங்கள். ரீல்ஸில் பாட்டு மட்டும்தான் வருகிறது, மற்றவர்கள் இறங்கத் தயங்கிய இடத்தில் ஒரு மனிதன் இறங்கிய கதை வருவதில்லை.

---

மலைச்சாரல்

பெரும்பாவூர் விஷயம் எங்கள் டாக்ஸி நண்பர்கள் பலருக்கே தெரியாது. கட்டாயம் சேர்க்கிறோம்.

---

சுற்றுலா_மாணவி

சுற்றுலா மேலாண்மை படிக்கிறேன். எங்கள் பாடத்தில் இதற்குத் திரும்பத் திரும்ப வரும் உதாரணம் தாய்லாந்தின் மாயா பே கடற்கரை. 2000ல் வெளியான 'தி பீச்' படம் அங்கே எடுத்தது. அப்புறம் ஒரு நாளைக்கு 5,000 பேர் வரை வந்து, படகு நங்கூரம் பட்டுப் பவளப்பாறை செத்துப்போனது. 2018 ஜூனில் மூடினார்கள். 2022 ஜனவரியில் திறந்தபோது படகுகள் விரிகுடாவுக்குள் வரக்கூடாது, பின்பக்கம் நிறுத்திவிட்டு நடந்துதான் வர வேண்டும், நீச்சல் கிடையாது என்று விதி வைத்தார்கள்.

அதற்கு நேர்மாறு அயர்லாந்தின் ஸ்கெல்லிக் மைக்கேல் தீவு. 'ஸ்டார் வார்ஸ்' எடுத்த பிறகு உலகமே அங்கே போக ஆசைப்பட்டது. ஆனால் தீவில் கால் வைக்க ஒரு நாளைக்கு 180 பேருக்குத்தான் அனுமதி. படம் ஓடியதற்காக அந்த எண்ணை அவர்கள் தூக்கிவிடவில்லை.

நம்மிடமும் அப்படி ஒரு கருவி வந்துவிட்டது, நாம்தான் அதைத் தொல்லையாகப் பார்க்கிறோம். இ-பாஸைச் சொல்கிறேன், மலைக்கு வரும் வண்டிக்கு இணையத்தில் எடுக்கிற அனுமதிச் சீட்டு. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வாரநாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள்.

---

வண்டிக்காரர்

தங்கச்சி, நீங்கள் எண்ணைச் சொல்கிறீர்கள், நான் சாவடியில் நிற்கிறவன். பாஸ் எடுக்காமல் வந்து நிற்கிறார்கள், அங்கே நின்றுகொண்டு போனில் தட்டுகிறார்கள், பின்னால் வரிசை மலை வளைவு வரை போகிறது. முந்தின நாளே எடுத்திருந்தால் க்யூஆரைக் காட்டிவிட்டு வந்துவிடலாம். லட்சம் பேர் பார்க்கிற ரீல்ஸில் 'இ-பாஸ் எடுத்துவிட்டு வாருங்கள்' என்று ஒரு வரி போட யாருக்கும் மனசு வருவதில்லை.

இன்னொன்று. அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. வத்தலக்குண்டு வழியாகவும் பழனி வழியாகவும் பஸ் இருக்கிறது. மேலே வந்த பிறகு உள்ளூர் டாக்ஸி எடுத்துக்கொள்ளலாம். வெளியூர் கார் ஒன்று குறைந்தால் எங்களில் ஒருவருக்கு அன்று ஒரு சவாரி. இதை வரைபடத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

---

கேமராக்கண்

வண்டிகளுக்கு வரம்பு வைத்த பிறகு எதற்குச் சுற்றுலாவை விளம்பரப்படுத்த வேண்டும் என்று ஒரு கேள்வி வருகிறதே? சீசனில் எப்படியும் நிரம்பிவிடும்.

---

மலைச்சாரல்

தம்பி, நாங்கள் சண்டை போட்டுப் போட்டு வந்து நின்ற இடமே அதுதான். மே மாதத்து சனிக்கிழமைக்கு இன்னொரு ஆளைக் கூட்டி வருவது எங்கள் நோக்கம் இல்லை. செப்டம்பர் மாதத்துப் புதன்கிழமைக்கு ஒரு குடும்பத்தைக் கூட்டி வர வேண்டும். காலையில் வந்து மூன்று பாயிண்டில் போட்டோ எடுத்துவிட்டு இரவு இறங்கிவிடுகிறவரை இரண்டு நாள் தங்க வைக்க வேண்டும். வண்டி எண்ணிக்கை அதேதான், ஊருக்கு வரும் காசு அதிகம், காட்டுக்கு நெரிசல் குறைவு. சினிமாவால் அதைச் செய்ய முடியும் என்று நான் நம்புகிறேன். படத்தின் மேல் உண்மையான பிரியம் உள்ளவர் அவசரப்பட மாட்டார், ஒவ்வொரு இடமாக நின்று பார்ப்பார்.

---

பெர்ன்வாசி

சுவிஸில் இருந்து எழுதுகிறேன், யாழ்ப்பாணம் சொந்த இடம். எங்கட பக்கத்திலும் இதே கதை. பிரியன்ஸ் ஏரிக்கரையில் இசெல்ட்வால்ட் என்று ஒரு சின்னக் கிராமம், 400 பேர் அளவில்தான் இருக்கினம். 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' என்ற கொரியத் தொடரில் கதாநாயகன் அந்த ஏரியில் நீட்டிக்கொண்டிருக்கிற மரத்துறையில் இருந்து பியானோ வாசிப்பான். தொடர் நெட்ஃபிளிக்ஸில் ஓடினதும் ஆசியாவின் பல நாடுகளில் இருந்தும் சனம் போனோடு வந்து அந்தத் துறையில் வரிசையில் நிக்குது.

2023இல் ஊராட்சி என்ன செய்தது என்றால், துறை வாசலில் சுழல்கதவு வைத்து ஆளுக்கு 5 பிராங்க் வாங்கத் தொடங்கியது. ஏரிக்கரை முழுக்க இலவசம், அந்தத் துறையில் ஏறுகிறதுக்கு மட்டும் காசு. எனக்கு அது நியாயமாகப் படுது. எந்தச் சட்டகத்துக்காக ஆள் வாறாரோ அந்தச் சட்டகத்துக்குத்தான் கட்டணம், அந்தக் காசு பராமரிப்புக்கு.

மலைச்சாரல் அண்ணை, உங்கட குணா குகைப் பக்கம் வாற கட்டணத்தில் எவ்வளவு அந்த இடத்துக்கே திரும்புது என்று வரைபடத்தில் காட்ட ஏலுமோ? வாறவருக்குத் தன் காசு எங்கே போகுது என்று தெரிந்தால் மரியாதை கூடும்.

---

மலைச்சாரல்

நல்ல யோசனை. வனத்துறையிடம் எழுதிக் கேட்கிறோம். அவர்கள் கொடுக்கிற விவரத்தை அப்படியே போடுவோம்.

---

பூண்டுக்காடு

பூம்பாறையில் விவசாயம் பார்க்கிறேன். மேலே யாரும் இன்னும் சொல்லவில்லை, ஆனால் இந்தப் பேச்சு எங்கே வந்து நிற்கும் என்று தெரியும். 'குணா குகையில் கூட்டமா? பூம்பாறைக்குப் போங்கள், மன்னவனூருக்குப் போங்கள்' என்பீர்கள். ஏற்கெனவே போட்டு முடித்துவிட்டார்கள். படிப்படியாகத் தெரிகிற வயலும் நடுவில் வண்ண வண்ண வீடுகளும் ஒரு வளைவில் இருந்து பார்த்தால் அழகுதான். அந்த வளைவில் பத்து கார் நின்றால் பூண்டு ஏற்றிக்கொண்டு போகிற வண்டி நகர முடியாது. குழந்தை வேலப்பர் கோயில் திருவிழா நேரத்தில் எங்கள் ஜனத்துக்கே வழி கிடைப்பதில்லை.

கூட்டத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தள்ளிவிடுவது தீர்வு ஆகாது. எங்கள் ஊருக்குப் பின் போடும் முன்னால் எங்கள் ஊரைக் கேளுங்கள். வண்டி எங்கே நிறுத்தலாம், வயலுக்குள் யார் அனுமதித்தால் போகலாம், இதை ஊர் சொல்லட்டும்.

மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு 2019லேயே வந்துவிட்டது. வருகிறவர் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார். கால் கிலோ பூண்டாவது வாங்கிக்கொண்டு போகும்படி உங்கள் வரைபடம் செய்தால், நானே க்யூஆர் கோட்டை வீட்டு வாசலில் ஒட்டிக்கொள்கிறேன்.

---

காட்டுப்பாதை

பூண்டுக்காடு ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஊர் சம்மதம் இல்லாமல் பின் இல்லை என்று முதல் விதியாக எழுதுங்கள்.

---

கேமராக்கண்

சரி, ரீல்ஸ் எடுக்கிறவன் பக்கத்தில் இருந்து நானும் பேசுகிறேன். எங்களைக் குறை சொல்வது சுலபம். ஆனால் எங்களுக்கும் யாரும் எதுவும் சொல்லித் தருவதில்லை. ஒரு பாட்டு டிரெண்டிங்கில் இருந்தால், அந்தப் பாட்டு எடுத்த இடத்தில் நின்று எடுப்பதுதான் அதிகம் ஓடும், அதனால் எல்லோரும் அங்கேயே போகிறார்கள். அதே பாட்டை வைத்து வேறு இடத்தில், வேறு கதையோடு எடுத்தாலும் ஓடும். முதல் இரண்டு மூன்று விநாடியில் பார்ப்பவரைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி எதையாவது சொன்னால் போதும். 'நீங்கள் படத்தில் பார்த்த குகை கொடைக்கானலில் இல்லை' என்று தொடங்கினால் பார்க்காமல் யார் தள்ளிவிடுவார்கள்? கொச்சிக்காற்று அண்ணன் சொன்ன விஷயத்திலேயே ஒரு நல்ல ரீல்ஸ் இருக்கிறது.

லொக்கேஷன் டேக் விஷயத்திலும் வழி இருக்கிறது. அமெரிக்காவில் ஜாக்சன் ஹோல் என்ற பள்ளத்தாக்கில் 2018ல் ஒரு பிரச்சாரம் நடத்தினார்கள். ஏரியின் பெயரையோ பாறையின் பெயரையோ டேக் செய்யாதீர்கள், பொதுவாக ஒரு டேக் மட்டும் போடுங்கள் என்று. நாமும் தாங்குகிற இடத்துக்குத் துல்லியமான பின், தாங்காத இடத்துக்குக் 'கொடைக்கானல்' என்று மட்டும் போடலாம். நாலு உள்ளூர் ரீல்ஸ்காரர்களைச் சேர்த்து நான் பேசிப் பார்க்கிறேன்.

---

பழைய_டிக்கெட்

அறுபதைத் தாண்டியவன், ஊட்டிப் பக்கம். சினிமாவும் சுற்றுலாவும் சண்டை இல்லாமல் இருக்கிற ஓர் உதாரணம் எங்கள் மலை ரயில். 'மூன்றாம் பிறை' கடைசிக் காட்சி கேத்தி ஸ்டேஷனில் எடுத்தது. 'தில் சே' படத்தில் ரயில் கூரை மேல் ஆடுகிற பாட்டும் இந்த ரயிலில்தான். இன்றைக்கும் கேத்தி வரும்போது பெட்டியில் யாராவது ஒருவர் அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றிப் பேசத் தொடங்குவார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். எவ்வளவு பேர் ஆசைப்பட்டாலும் பெட்டியில் இருக்கிற இருக்கைக்குத்தான் டிக்கெட். அதனால் ஸ்டேஷனும் தப்பித்தது, காட்சியும் அப்படியே இருக்கிறது. முன்பதிவு போனிலேயே ஆகிறது. கூரை மேல் ஏற யாரையும் விடுவதில்லை, அதற்காக யாரும் குறைப்பட்டுக்கொண்டதும் இல்லை.

---

கொச்சிக்காற்று

அருமை ஐயா. இதற்கு எதிர்ப்பக்கமும் கேரளத்தில் உண்டு. 'விண்ணைத்தாண்டி வருவாயா' படத்தில் வரும் தேவாலயம் குட்டநாட்டில் புளிங்குன்னில் இருக்கிறது. அது பூசை நடக்கிற தேவாலயம், செட் இல்லை. இப்படிப்பட்ட இடத்துக்கு வெறும் பின் போட்டால் ஞாயிறு காலை பூசை நேரத்தில் போய் மணமகள் மாதிரி நின்று வீடியோ எடுப்பார்கள். வழிபாட்டு நேரம், எந்த நேரத்தில் படம் எடுக்கலாம், யாரிடம் கேட்க வேண்டும் என்பதைப் பின்னோடு சேர்த்துத்தான் போட வேண்டும். மலைச்சாரல், உங்கள் ஊர்க் கோயில்களுக்கும் இதையே செய்யுங்கள்.

---

சுற்றுலா_மாணவி

தொழில்நுட்பம் பக்கம் கொஞ்சம் பேசலாமா? கொடைக்கானல் காட்டுப் பக்கம் சிக்னல் சுமார்தான். பைன் காட்டில் நின்று வீடியோ திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் தங்கும் இடத்து வைஃபையில் ஒரு முறை திறந்தால் போனிலேயே தங்கிவிடுகிற வலைப்பக்கமாகச் செய்யுங்கள். படங்களைச் சின்னதாக்குங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நிமிடக் குரல் பதிவு, தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும். வருகிறவர்களில் மலையாளம் பேசுகிறவர்கள் எவ்வளவு பேர் என்று உங்களுக்கே தெரியும்.

குணா குகைக்கு இன்னொன்று செய்யலாம். வனத்துறை அனுமதியோடு, பயிற்சி உள்ளவர்களை வைத்துக் குகையின் உட்புறத்தை 360 பாகைப் படமாக எடுத்துவிட்டால், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று போனைத் தூக்கிப் பார்க்கலாம். திருப்பினால் பாறை திரும்பும், கீழே சாய்த்தால் பிளவின் ஆழம் தெரியும். பார்க்கிற ஆசையும் தீரும், யாரும் இறங்கவும் வேண்டாம்.

---

காட்டுப்பாதை

வனத்துறை எடுத்துக் கொடுத்தால் சரி. தனியார் யாரும் டிரோனோடு அங்கே போகக்கூடாது. குகைக்குள் வௌவால்கள் இருக்கின்றன.

---

வண்டிக்காரர்

360 எல்லாம் வரட்டும். அதற்கு முன்னால் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். ஒரு வாட்ஸ்அப் சேனல். தினமும் காலையில் நாங்கள் மேலே போகும்போதே தெரிந்துவிடும், தூண் பாறையில் மேகம் எப்படி, எங்கே நெரிசல், யானை நடமாட்டத்தால் காட்டுக்குள் இருக்கிற பேரிஜம் ஏரி மூடியிருக்கிறதா என்று. நான் இரண்டு வரி போட்டுவிடுவேன். ஏமாந்து திரும்புகிற குடும்பம் எத்தனையோ பார்த்துவிட்டேன். பேரிஜத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும் என்பதே நிறையப் பேருக்கு வாசலில் போய் நின்ற பிறகுதான் தெரிகிறது.

அப்புறம் காட்டுமாடு. ஊருக்குள்ளேயே வருகிறது. பசு மாதிரி சாதுவாக நிற்கிறதே என்று பக்கத்தில் போய் செல்ஃபி எடுக்கிறார்கள். வரைபடத்தைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுகிற மாதிரி போடுங்கள், தள்ளி நிற்கச் சொல்லி.

---

மலைச்சாரல்

எல்லோர் சொன்னதையும் எங்கள் குழுவில் வாசித்துக் காட்டினேன். குணா குகைக்கு ஒரு வரைவு எழுதியிருக்கிறோம். திருத்துங்கள்:

"குணா குகை. பழைய பெயர் டெவில்ஸ் கிச்சன். 1991ல் வெளியான 'குணா' படம் இங்கே எடுக்கப்பட்டது. 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தின் குழிக் காட்சிகள் இங்கே எடுத்தவை அல்ல, பெரும்பாவூரில் போட்ட செட்டில் எடுத்தவை. குகைக்குள் போக அனுமதி இல்லை, வேலிக்கு வெளியே நின்று பாறைப் பிளவைப் பார்க்கலாம். பலர் இங்கே உயிர் இழந்திருக்கிறார்கள். மரவேர்களின் மேல் ஏறாமல் பாதையில் நின்று படம் எடுங்கள். காலையில் வந்தால் தூண் பாறையையும் மேகம் மூடும் முன் பார்த்துவிடலாம். வாரநாளில் வாருங்கள். சொந்த வண்டி என்றால் முந்தின நாளே இ-பாஸ், அரசு பஸ் என்றால் தேவையில்லை."

பூம்பாறைக்கு இப்போதைக்குப் பின் போடவில்லை. ஊர்க்கூட்டத்தில் கேட்டுவிட்டுத்தான்.

---

பூண்டுக்காடு

நன்றி தம்பி. கூட்டத்தில் நானே எடுத்துப் பேசுகிறேன். ஊருக்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டி நிறுத்த இடம் கொடுக்கத் தயாராக ஒருவர் இருக்கிறார், அதையும் பேசி முடிவு செய்வோம்.

---

காட்டுப்பாதை

"மரவேர்களின் மேல் ஏறாமல்" என்பதற்கு ஏன் என்று காரணமும் ஒரு வரி சேருங்கள். காரணம் தெரிந்தால் கேட்பார்கள். மிதித்து மண் இறுகினால் வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகாது, அவ்வளவுதான்.

---

கொச்சிக்காற்று

வரைவு நன்றாக இருக்கிறது. மலையாளத்தில் நான் எழுதித் தருகிறேன். குரல் பதிவுக்கு இங்கே என்னோடு வேலை பார்க்கிற பெண் ஒருவர் இருக்கிறார், நல்ல குரல், கேட்டதும் சம்மதித்துவிட்டார். 2006 சம்பவத்தை எழுதும்போது விழுந்தவர் பெயரையும் மீட்டவர் பெயரையும் போடுவதற்கு முன் அவர்களிடம் கேட்பது மரியாதை. அவர்கள் ஊர் இங்கிருந்து பக்கம்தான், அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.

---

வண்டிக்காரர்

சேனல் தொடங்கிவிட்டேன். இன்றைய நிலவரம்: தூண் பாறை தெளிவு, பைன் காட்டில் கூட்டம் குறைவு, பேரிஜம் மூடல். ஸ்டாண்டில் இருக்கிற மற்ற டிரைவர்களையும் சேர்க்கிறேன், க்யூஆர் ஸ்டிக்கர் அச்சடித்ததும் எனக்கு அனுப்புங்கள்.